பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பிப் பணம் பார்த்த நீதிபதிகள்: ‘கிட்ஸ் ஃபார் கேஷ்’ ஊழல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 டிசம்பரில் அமெரிக்க அதிபர் பைடன் ஏறத்தாழ 1,500 பேருக்குத் தண்டனையைக் குறைத்தார். அந்தப் பட்டியலில் மைக்கேல் கானஹன் என்ற முன்னாள் நீதிபதியின் பெயரும் இருந்தது. உடனே பென்சில்வேனியா மாநிலமே கொதித்தது. யார் இவர், என்ன செய்தார், ஏன் இத்தனை கோபம் என்று அப்போது பலரும் கேட்டார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

முதலில், நடந்தது என்ன?

பென்சில்வேனியாவின் வடகிழக்கில் லூசெர்ன் கவுன்ட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த பகுதி. கவுன்ட்டி என்பதை நம் கணக்கில் ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் தலைமையிடம் வில்க்ஸ்-பாரி நகரம். அங்கே ரிவர் ஸ்ட்ரீட்டில் கவுன்ட்டி நிர்வாகமே நடத்திய சிறார் தடுப்பு இல்லம் ஒன்று இருந்தது. 2002 முடிவில் அது மூடப்பட்டது. 2003 பிப்ரவரியில் பக்கத்தில் பிட்ஸ்டன் டவுன்ஷிப்பில் ‘பிஏ சைல்டு கேர்’ என்ற தனியார் மையம் திறந்தது. 2005-ல் அதே ஆட்கள் மாநிலத்தின் மேற்கே பட்லர் கவுன்ட்டியில் இன்னொரு மையம் திறந்தார்கள்.

அரசு இல்லத்தை மூட வைத்தவர் ஒரு நீதிபதி. பிள்ளைகளைத் தனியார் மையத்துக்கு அனுப்பியவர் இன்னொரு நீதிபதி. மையத்தைக் கட்டிய கட்டுமான அதிபரிடமும் அதன் பங்குதாரரிடமும் இருவருமாகச் சேர்ந்து வாங்கிய தொகை சுமார் 28 லட்சம் டாலர். இது 2009 ஜனவரியில் வெளியே வந்தது. ‘கிட்ஸ் ஃபார் கேஷ்’, அதாவது ‘காசுக்குப் பிள்ளைகள்’ என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது.

அந்த நீதிபதிகள் யார்? எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார்கள்?

மார்க் சியாவரெல்லா, மைக்கேல் கானஹன். இருவரும் தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர்கள். நமக்கு இது விசித்திரமாகத் தெரியும். ஆனால் பென்சில்வேனியாவில் நீதிபதி பதவிக்குக் கட்சி சார்பில் போட்டியிட்டு, சுவரொட்டி அடித்து, ஓட்டுக் கேட்டுத்தான் வர வேண்டும். ஜெயித்தால் பத்து வருடம். பிறகு ‘இவரே தொடரலாமா’ என்று மக்களிடம் ஆம், இல்லை என்ற வாக்கெடுப்பு.

சியாவரெல்லா 1996 முதல் 2008 வரை சிறார் நீதிமன்றத்தைக் கையில் வைத்திருந்தார். பள்ளிகளுக்குப் போய் மாணவர்கள் முன்னால் பேசுவார். என் கோர்ட்டுக்கு வந்தால் வீட்டுக்குப் போக மாட்டீர்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். 1999-ல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. சின்னத் தவறுக்கும் மன்னிப்பு கிடையாது என்ற கொள்கை நாடு முழுக்கப் பரவியிருந்த நேரம். கண்டிப்பான ஜட்ஜ் என்று ஊரில் பெயர். பள்ளி நிர்வாகங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது; வாக்காளர்களுக்கும் பிடித்திருந்தது. 2005 வாக்கெடுப்பில் சுலபமாகத் தேறினார்.

கானஹன் 2002-லிருந்து கவுன்ட்டி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. கோர்ட்டின் பட்ஜெட் அவர் கையில். இந்த விவகாரத்தில் அந்த பட்ஜெட் அதிகாரம்தான் மிக முக்கியம். 2007-ல் தலைமைப் பதவியும் சியாவரெல்லாவிடமே வந்தது.

பணம் எப்படிக் கைமாறியது?

ஒரு புதுத் தடுப்பு மையம் வேண்டும் என்பது சியாவரெல்லாவின் நீண்ட நாள் பேச்சு. ரிவர் ஸ்ட்ரீட் கட்டடம் பழையது, பாழடைந்தது என்று சொல்லிவந்தார். ராபர்ட் பவல் என்ற வழக்கறிஞருக்கு அப்படி ஒரு மையம் கட்டி நடத்தும் எண்ணம் இருந்தது. சியாவரெல்லா அவரைத் தன் பழைய நண்பரான கட்டுமான அதிபர் ராபர்ட் மெரிக்கிளிடம் சேர்த்துவிட்டார்.

2002 ஜனவரியில் கானஹன் ஒரு ஒப்பந்தத்தில் ரகசியமாகக் கையெழுத்திட்டார். புது மையத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதாக உறுதி. அதற்கு வருட வாடகையாக 13.14 லட்சம் டாலர். அப்போது மையம் திறந்திருக்கவே இல்லை. அந்த வருடக் கடைசியில் ரிவர் ஸ்ட்ரீட் இல்லத்துக்கான நிதியை நிறுத்தினார். பிள்ளைகளை அங்கே அனுப்புவதும் நின்றது. அதோடு பழைய இல்லத்தின் கதை முடிந்தது.

2003 ஜனவரியில் முதல் தவணை வந்தது: 9,97,600 டாலர். கொடுத்தவர் மெரிக்கிள். இடம் பார்த்துக் கொடுத்த தரகருக்குக் கொடுப்பதுபோல ‘அறிமுகக் கமிஷன்’ என்று அதற்குப் பெயர். நேராக நீதிபதிகளின் கணக்குக்கு வராமல் வேறு ஆட்கள், வேறு நிறுவனங்கள் வழியாகச் சுற்றி வந்தது. 2005-ல் மேற்கு மையத்துக்காக 10 லட்சம், 2006-ல் விரிவாக்கத்துக்காக 1.5 லட்சம்.

பவல் பக்கத்திலிருந்து வந்தது வேறு வழி. ஃபுளோரிடாவின் ஜூபிட்டர் நகரில் நீதிபதிகளின் மனைவியர் பெயரில் ஒரு அடுக்குமாடி வீடு இருந்தது. அதற்கு வாடகை, படகு நிறுத்தும் கட்டணம் என்று கணக்கெழுதிப் பல லட்சம் போனது. கடைசிக் கட்டத்தில் கணக்கெழுதும் சிரமம்கூட இல்லை. 1,43,500 டாலர் ரொக்கம் ஃபெடெக்ஸ் கூரியர் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கைமாறியது.

இதற்கிடையே 2004 கடைசியில் கவுன்ட்டி நிர்வாகம் அதே மையத்தை 20 வருடத்துக்கு 5.8 கோடி டாலர் குத்தகைக்கு எடுத்தது. தன் சொந்த இல்லத்தை மூடிவிட்டு அடுத்தவன் இல்லத்துக்கு வாடகை. அந்தக் குத்தகை கவுன்ட்டிக்கு நஷ்டம் என்று அப்போதே தணிக்கையில் சொன்னார்கள்.

ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று விலை வைத்தார்களா?

இல்லை. பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான்.

இந்தப் பிள்ளையை உள்ளே அனுப்பியதற்கு இவ்வளவு வாங்கினார் என்று அரசுத் தரப்பு எந்த ஒரு பிள்ளையின் விஷயத்திலும் நிரூபிக்கவில்லை. சியாவரெல்லா மீது 39 குற்றச்சாட்டுகள் விசாரணைக்கு வந்தன. ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு, 12-ல் குற்றவாளி என்றது, 27-ல் விடுவித்தது. மெரிக்கிளின் முதல் தொகை விஷயத்தில் மாட்டினார். பவல் கொடுத்த பணம் தொடர்பான குற்றச்சாட்டுகளில் தப்பினார். இதைப் பிடித்துக்கொண்டுதான் ‘நான் காசுக்காக ஒரு பிள்ளையைக்கூட உள்ளே அனுப்பவில்லை’ என்று அவர் சாதித்தார். வரி ஏய்த்தேன், பணத்தை மறைத்தேன் என்பதையெல்லாம் சாட்சிக் கூண்டிலேயே ஒப்புக்கொண்டார். இதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

என் கணிப்பைச் சொல்கிறேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவர் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அதனால் விஷயம் இன்னும் மோசமாகிறதே தவிர லேசாகவில்லை. தலைக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தால் எங்காவது ஒரு சீட்டு, ஒரு கணக்கு சிக்கியிருக்கும். இங்கே விற்கப்பட்டது கட்டடம். அது காலியாக இருக்காது என்ற உத்தரவாதம் அதோடு சேர்த்து விற்கப்பட்டது. லாட்ஜ் கட்டுகிறவனுக்கு ரூம் நிரம்புமா என்பதுதானே கவலை? அந்தக் கவலையை ஒரு கையெழுத்தில் தீர்த்துவைத்தார்கள்.

சியாவரெல்லா அதற்கு முன்பும் கடுமையான நீதிபதிதான். பணம் வந்த பிறகு அவர் புதிதாக எதையும் செய்யத் தேவையில்லை. வழக்கம்போல இருந்தாலே போதும். யாருக்கும் சந்தேகம் வராததற்கு அதுவே காரணம். மனம் இளக வேண்டிய நேரத்தில் இளகவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் பணத்தின் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகள் அப்படி என்ன குற்றம் செய்தார்கள்?

2007-ல் 15 வயதுப் பெண் ஒருத்தி மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் தன் பள்ளித் துணை முதல்வரைக் கிண்டல் செய்து ஒரு பக்கம் தொடங்கினாள். இது வெறும் விளையாட்டு என்று பக்கத்தின் கீழே அவளே எழுதியும் வைத்திருந்தாள். நல்ல மாணவி, அதுவரை எந்த வழக்கும் கிடையாது. திட்டி அனுப்புவார்கள் என்று நினைத்துத் தாயும் மகளும் கோர்ட்டுக்குப் போனார்கள். விசாரணை ஒன்றரை நிமிடம். மூன்று மாதம் தடுப்பு முகாம். அங்கேயே விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள்.

அம்மாவின் ஆண் நண்பர் மீது இறைச்சித் துண்டை எறிந்ததாக ஒரு 13 வயதுப் பையன். திருட்டு வண்டி என்று தெரியாமல் பெற்றோர் வாங்கித் தந்த ஸ்கூட்டருக்காக இன்னொரு பையன். கஞ்சா பிடிக்கும் கருவி வைத்திருந்ததாக, மல்யுத்தத்தில் பேர் வாங்கிய 17 வயது மாணவன். அவன் அந்த அனுபவத்திலிருந்து மீளவே இல்லை. 2010-ல் தற்கொலை செய்துகொண்டான். மறு வருடம் தீர்ப்பு நாளன்று நீதிமன்ற வாசலில் அவன் தாய் சியாவரெல்லாவைப் பார்த்துக் கதறிய காட்சி அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சிகளில் ஓடியது.

அபராதம் கட்ட முடியாதவர்களுக்கென்று தனி நாள் வைத்திருந்தார். பணம் கொண்டுவராத பிள்ளை உள்ளே போக வேண்டும். அப்படிப் போனவர்களில் 11 வயதுப் பிள்ளையும் உண்டு. பாக்கி 488 டாலர் சொச்சம்.

எல்லோருமே அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. அடிதடி, திருட்டு வழக்குகளும் இருந்தன. ஆனால் அவற்றுக்கும் ஒரு முறையான விசாரணை கிடைக்கவில்லை.

வக்கீல் வைத்துக்கொள்ளவில்லையா?

பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வக்கீல் இல்லாமலே நின்றார்கள். அப்படி நின்றவர்களில் பத்துக்கு ஆறு பேர் வீடு திரும்பவில்லை.

எப்படி நடந்தது என்றால், கோர்ட் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நன்னடத்தை அலுவலர்கள் ஒரு படிவத்தோடு இருப்பார்கள். வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்துப் போடும் படிவம். சின்ன கேஸ்தான், வக்கீல் வைத்தால் தேதி தள்ளிப்போகும், செலவு வேறு என்ற தோரணையில் பேச்சு இருக்கும். வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கும் தாய் கையெழுத்துப் போட்டுவிடுவார். உள்ளே போனதும் நீதிபதி அந்த உரிமை என்ன, அதை விட்டால் என்ன ஆகும் என்று பிள்ளையிடம் விளக்கிக் கேட்க வேண்டும். அதுதான் சட்டம். அவர் கேட்பதில்லை.

சிறார் வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்வது 1967-லிருந்தே அமெரிக்காவில் அடிப்படை உரிமை. அரிசோனாவில் ஆபாசமாக ஃபோன் பேசியதாக 15 வயதுப் பையன் ஒருவனை 21 வயதுவரை அடைத்துவைக்கலாம் என்று தீர்ப்பானது. பெரியவர் யாராவது அதே குற்றம் செய்திருந்தால் அதிகபட்சம் இரண்டு மாதம்தான். அந்த வழக்கில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை உறுதி செய்தது. சியாவரெல்லாவுக்கு இது தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. 13 வயதுப் பிள்ளை ஒருவரிடம் வக்கீல் உரிமையைச் சொல்லவில்லை என்பதற்காக 2001-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய தீர்ப்பைத் தள்ளுபடி செய்திருந்தது. இனி இப்படி நடக்காது என்று அப்போது பத்திரிகையிடம் உறுதி சொன்னார். அப்புறம் ஏழு வருடம் அதையே செய்தார்.

ஜூரி என்ன செய்தது?

சிறார் நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது. குற்றம் செய்தாரா, என்ன தண்டனை என்ற இரண்டையும் ஒரே நீதிபதி தனியாக முடிவு செய்வார். ஜூரி கேட்கும் உரிமை சிறாருக்கு இல்லை என்று 1971-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஒரு பென்சில்வேனியா வழக்கில்தான். போதாததற்குப் பிள்ளைகளின் அடையாளத்தைக் காப்பாற்ற விசாரணைகள் பெரும்பாலும் மூடிய அறையில் நடக்கும். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி ஆனது என்று நினைத்து, அவமானத்தில் வாயை மூடிக்கொண்டது.

அறையில் இருந்த மற்றவர்கள்?

அரசு வழக்கறிஞர் இருந்தார். அரசு செலவில் வாதாடும் வக்கீல்கள் இருந்தார்கள். நன்னடத்தை அலுவலர்கள், பள்ளிப் பிரதிநிதிகள், காவலர்கள், எழுத்தர்கள். மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு பிள்ளையின் வழக்கு முடிவதை வாரா வாரம் பார்த்தவர்கள். இதில் பெரும்பாலோர் பத்துப் பைசா வாங்கியவர்கள் இல்லை.

மாநிலத்தின் நீதித்துறை, சட்டமன்றம், ஆளுநர் மூன்று தரப்பும் சேர்ந்து 2009-ல் 11 பேர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தன. நீதிபதி ஜான் கிளீலண்ட் தலைவர். 2010 மே மாதம் வந்த அதன் அறிக்கையைப் படித்தால், இரண்டு நீதிபதிகளைவிட இந்த மௌனத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அரசு வழக்கறிஞருக்கு வழக்கு சீக்கிரம் முடிந்தால் போதும். பள்ளிக்குத் தொல்லை கொடுக்கிற மாணவன் வெளியே போனால் போதும். எதிர்த்துப் பேசுகிற வக்கீல் நாளைக்கும் அதே நீதிபதி முன்னால்தான் நிற்க வேண்டும். கானஹன் பற்றி 2006-லேயே மாநில நீதித்துறை ஒழுங்கு வாரியத்துக்குப் பெயரில்லாத புகார் ஒன்று போயிருந்தது. வாரியம் அதைக் கிடப்பில் போட்டது.

ஊழல் என்றால் கவர் கைமாறுவதை மட்டும் தேடுகிறோம். இந்த அறையில் ஆளாளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அது கவரில் வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் எப்படி வெளியே வந்தது?

இரண்டு பக்கமிருந்து. மைஸ்பேஸ் பெண்ணின் தாய் சும்மா இருக்கவில்லை. விசாரித்து விசாரித்து ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ‘ஜுவனைல் லா சென்டர்’ என்ற சட்ட உதவி அமைப்பைப் பிடித்தார். அவர்கள் வந்து பார்த்தபோதுதான் இது ஒரு பெண்ணின் பிரச்சினை இல்லை என்று தெரிந்தது. 2008 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். 2009 ஜனவரி 8-ம் தேதி ஒரு காரணமும் சொல்லாமல் மனு தள்ளுபடியானது.

சரியாக 18 நாள் கழித்து, ஜனவரி 26 அன்று, மத்திய அரசு வழக்கறிஞர்கள் இரண்டு நீதிபதிகள் மீதும் குற்றச்சாட்டை அறிவித்தார்கள். எஃப்பிஐயும் வரித்துறையும் தனியாக விசாரித்துக்கொண்டிருந்தன. பவலே அவர்கள் பக்கம் சாய்ந்து, உடம்பில் ஒலிப்பதிவுக் கருவி மாட்டிக்கொண்டு நீதிபதிகளோடு பேசியிருந்தார். மாநில உச்ச நீதிமன்றம் அவசர அவசரமாகத் தன் முடிவைத் திரும்பப் பெற்று, பெர்க்ஸ் கவுன்ட்டியின் மூத்த நீதிபதி ஆர்தர் கிரிமை விசாரிக்க அனுப்பியது.

நீதிபதிகளுக்கு என்ன தண்டனை?

முதலில் பேரம் படிந்திருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் 87 மாதச் சிறை. ஆனால் மத்திய நீதிபதி எட்வின் கோசிக் 2009 ஜூலையில் அந்தப் பேரத்தை ஏற்கவில்லை. இருவரும் செய்த குற்றத்துக்கு உண்மையாகப் பொறுப்பேற்கவில்லை என்றார். இருவரும் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார்கள். இம்முறை இருவர் மீதும் சேர்த்துக் குற்றச்சாட்டு 48 ஆனது.

கானஹன் 2010-ல் மறுபடி ஒப்புக்கொண்டு பதினேழரை வருடம் வாங்கினார். சியாவரெல்லா விசாரணைக்கு நின்றார். 2011 பிப்ரவரியில் தீர்ப்பு, ஆகஸ்ட்டில் 28 வருடம். 2018-ல் மூன்று குற்றச்சாட்டுகள் சட்ட நுணுக்கத்தால் ரத்தாயின. ஆனாலும் தண்டனைக் காலம் குறையவில்லை. ஏழு வருடத்தோடு போயிருக்க வேண்டியவருக்கு இருபத்தெட்டு வருடம் வந்தது என்றால், கோசிக் அந்தப் பேரத்தை ஏற்க மறுத்ததுதான் காரணம்.

பணம் கொடுத்தவர்களுக்கு?

பவலுக்கு 18 மாதம், மெரிக்கிளுக்கு ஒரு வருடம். இருவர் மீதும் லஞ்சம் கொடுத்த குற்றம் பதிவாகவில்லை. ஒரு குற்றம் நடப்பது தெரிந்தும் சொல்லாமல் மறைத்ததுதான் முக்கியக் குற்றச்சாட்டு. என்னை மிரட்டித்தான் வாங்கினார்கள் என்றார் பவல். எங்கள் தொழிலில் அறிமுகக் கமிஷன் சகஜம் என்றார் மெரிக்கிள். மையம் மூடப்படவும் இல்லை. பவலின் பங்கு கைமாறியது, மையம் தொடர்ந்து நடந்தது.

பிள்ளைகளின் வழக்குகள் என்ன ஆயின? நஷ்டஈடு கிடைத்ததா?

2009 அக்டோபர் 29-ம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் 2003 முதல் 2008 மே வரை சியாவரெல்லா கொடுத்த தீர்ப்புகளை மொத்தமாகக் கலைத்தது. 2,300-க்கும் மேற்பட்ட பிள்ளைகள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். மறு விசாரணை கிடையாது, பதிவேடுகளையே அழிக்கச் சொன்னது. ஒரு நீதிபதியின் ஐந்து வருட வேலையை ஒரே உத்தரவில் துடைத்துப்போடுவது சாதாரண விஷயமில்லை.

நஷ்டஈடு சிக்கலானது. நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து செய்த எதற்காகவும் ஒரு நீதிபதியிடம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்ற பழைய சட்டப் பாதுகாப்பு அமெரிக்காவில் உண்டு. லஞ்சம் வாங்கிக்கொண்டு செய்திருந்தாலும் அது பொருந்தும். ஆகவே கோர்ட் அறையில் சியாவரெல்லா சொன்ன தண்டனைகளைத் தொட முடியவில்லை. வெளியே செய்த சதி, இல்லத்தை மூடியது போன்ற நிர்வாக வேலைகள் இவற்றை வைத்துத்தான் வழக்கு நடந்தது. கானஹன் செய்தது பெரும்பாலும் இந்த ரகம்.

மெரிக்கிள் 1.775 கோடி டாலருக்கும், பவல் 47.5 லட்சத்துக்கும், மைய நிறுவனம் 25 லட்சத்துக்கும் சமரசம் செய்துகொண்டார்கள். நீதிபதிகள் மீதான வழக்கு 2022 ஆகஸ்ட் வரை இழுத்தது. பிள்ளைகளாக அங்கே நின்ற 282 பேரும், 32 பெற்றோரும் மத்திய நீதிபதி கிறிஸ்டோபர் கானர் முன்னால் சாட்சி சொன்னார்கள். அந்த 282 பேரில் 79 பேர் தண்டிக்கப்பட்டபோது 13 வயதுகூட ஆகாதவர்கள். எட்டு வயதுப் பிள்ளைகளும் உண்டு. தவறாக அடைபட்டிருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரம் டாலர் என்று அடிப்படை வைத்துக் கணக்கிட்டார் கானர். தண்டத் தொகை 10 கோடியும் சேர்த்து மொத்தம் 20.6 கோடி டாலர்.

வசூலாகுமா? சிறைக்குப் போய், சொத்தும் போன இரண்டு முன்னாள் நீதிபதிகளிடம் அத்தனை பணம் எங்கே இருக்கிறது? தீர்ப்பு வந்த அன்றே வழக்கறிஞர்கள் அதை மறைக்காமல் சொன்னார்கள். ஆனாலும் இருபது வருடம் தன்னைக் குற்றவாளி என்று நினைத்து வளர்ந்த ஒருவர், ஒரு நீதிபதி தான் பேசுவதை உட்கார்ந்து கேட்பதை முதல்முறையாகப் பார்த்தது அந்த விசாரணையில்தான்.

தனியார் நடத்தியதால்தான் வந்த வினையா? அரசே நடத்தினால் சரியாகிவிடுமா?

பாதி உண்மை. தனியார் மையத்தில் செலவு பெரும்பாலும் நிலையானது. கட்டடக் கடன், காவலர் சம்பளம், சமையல் எல்லாம் பத்துப் பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வருமானமோ படுக்கைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும், அல்லது உத்தரவாத வாடகையாக வரும். எந்த ஏற்பாடானாலும் காலிப் படுக்கை நஷ்டம். பிள்ளைகள் திருந்தி, ஊரில் குற்றம் குறைந்தால் கஷ்டப்படுகிற ஒரு வியாபாரத்தை அரசே உருவாக்கிவிட்டு, அது நியாயமாக நடக்கும் என்று நம்புவது அசட்டுத்தனம்.

ஆனால் அரசு நடத்தும் இல்லங்களிலும் அடி, உதை, அத்துமீறல் நடந்திருக்கின்றன. லூசெர்னில் விஷயம் முற்றியது வேறு காரணத்தால். ஆளை அனுப்பும் அதிகாரமும் எங்கே அனுப்புவது, யாருக்குப் பணம் கொடுப்பது என்ற அதிகாரமும் ஒரே கட்டடத்தின் இரண்டு அறைகளில் இருந்தன. அந்த இரண்டு அறைக்காரர்களும் ஒரே வீட்டுக்கு ஃபுளோரிடாவில் பங்காளிகள்.

சட்டம் ஏதாவது மாறியதா?

மாறியது. 2012-ல் பென்சில்வேனியா சட்டம் கொண்டுவந்தது. இப்போது பெற்றோரின் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சிறார் வழக்கில் பிள்ளையை வசதியற்றவராகவே கருதி வக்கீல் கொடுக்க வேண்டும். 14 வயதுக்குக் கீழ் இருந்தால் வக்கீல் வேண்டாம் என்று சொல்லவே முடியாது. தாழ்வாரத்துப் படிவத்துக்கு வேலையில்லை. பிள்ளைக்கு விலங்கு மாட்டக் கட்டுப்பாடு வந்தது. வீட்டைவிட்டு அனுப்பினால் ஏன் என்று நீதிபதி காரணத்தைப் பதிவில் சொல்ல வேண்டும். நீதிபதிகளைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கானஹனை பைடன் மன்னித்துவிட்டாரா?

மன்னிப்பு இல்லை, தண்டனைக் குறைப்பு. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். கொரோனா காலத்தில், 2020 ஜூனில், வயதும் நோயும் காரணமாகச் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்கு மாற்றப்பட்டவர்களில் கானஹனும் ஒருவர். அப்படி வீட்டுக் காவலில் ஒழுங்காக இருந்தவர்கள் என்று ஒரு வகையாகப் பிரித்து, ஏறத்தாழ 1,500 பேருக்கு 2024 டிசம்பர் 12-ம் தேதி தண்டனை குறைக்கப்பட்டது. பெயர் பெயராகப் பார்த்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் பைடன் பிறந்த ஸ்க்ரான்டன், லூசெர்னுக்கு அடுத்த கவுன்ட்டியில் இருக்கிறது. அந்த ஊர்க்காரருக்கு இந்தப் பெயர் தெரியாமலா போகும் என்றுதான் அங்கே கேட்டார்கள். பைடனின் சொந்தக் கட்சிக்காரரான ஆளுநர் ஜாஷ் ஷாப்பிரோவே அதிபர் செய்தது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார்.

சியாவரெல்லாவும் வெளியே வந்துவிட்டாரா?

பைடனின் அந்தப் பட்டியலில் அவர் இல்லை. தண்டனையைக் குறைக்கச் சொல்லி 2020-ல் அவர் கேட்டபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது. கானஹனைப்போல வீட்டுக் காவலும் அவருக்குக் கிடைக்கவில்லை. 20.6 கோடி டாலர் தீர்ப்பு வந்தபோது கென்டக்கியில் ஒரு மத்தியச் சிறையில் இருந்தார்.